வெறும் கேஸ் மாத்திரை

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது கோடையில் என் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம். விளிம்பு தடித்துப் பொரிப்பொரியாக இருக்கும். நடுவில் தோல் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி நான் சும்மா இருந்தேன். வெயில் ஏற ஏற அது இரண்டு தொடைகளுக்கும் பரவி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு, நானே பார்க்க முடியாத இடங்களுக்கெல்லாம் போய்விட்டது.

அப்போது நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியையும் களிமண்ணையும் வாரி மறுபடி பெல்ட்டில் போடுவது எங்கள் வேலை. முழங்கால் வரைக்கும் கம்பூட், அதற்குள் செருகிய கெட்டித் துணிப் பேன்ட். மழை இல்லாத நாளிலும் பெல்ட்டுக்கு அடியில் சேறு இருக்கும். மேலே வெயில், கீழே ஈரம், நடுவில் வேர்வை. ஷிப்ட் முடிந்து கம்பூட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் ஊற்றும். எங்கள் கும்பலில் பாதிப்பேருக்கு அந்த அரிப்பு இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தூண் மறைவில் நின்று சொறிந்துகொள்வார்கள்; நானும் அப்படித்தான். முதுகுவலியைப் பற்றிப் பேசுவோம், கான்ட்ராக்டரைத் திட்டுவோம், எப்போது பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று வருடக்கணக்கில் பேசியிருக்கிறோம். இடுப்புக்குக் கீழே வருவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து கடைத்தெரு கூப்பிடு தூரம். ஒரு மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு ட்யூப் என்று கேட்டேன். என்ன, எங்கே என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்காததே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. பூசிய மறுநாளே சிவப்பு அடங்கியது. விட்டவுடன் முன்னைவிடப் பெரிதாக வந்தது. இப்படி அடங்குவதும் வருவதுமாக அந்தக் கோடை முழுவதும் போயிற்று.

என் மனைவி குறிஞ்சிப்பாடிக்காரி. மந்தாரக்குப்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, பாவாடை நாடா கட்டும் இடத்தை எனக்குக் காட்டினாள். இடுப்பைச் சுற்றிக் கயிறு போலச் சிவப்பு. பிறகு அவள், "இது உங்க கிட்டேர்ந்து வந்துதுதான?" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும் என்கிற குரல். ஆமாம் என்றேன். பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து எழுதப் பழக்குகிறேன், அதுங்களுக்கும் தொற்றினால் என்ன செய்வது என்றுதான் அடுத்துக் கேட்டாள். அந்தக் கவலை எனக்கு வந்ததே இல்லை. அடுத்த வாரமே வடலூரில் மாலை நேரத்தில் பார்க்கும் ஒரு தோல் டாக்டரிடம் போவதென்று முடிவானது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவரிடம் எப்படிக் காட்டுவது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு யோசனை. அவர் அந்த யோசனைக்கே இடம் வைக்கவில்லை. லைட்டைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, என்ன பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நான் ட்யூபை எடுத்து நீட்டினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அரிப்பை அடக்கும், உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும், இனி இதைத் தொடக்கூடாது என்றார். இந்தப் பக்கத்திலிருந்து நாளுக்கு எத்தனையோ பேர் இதே ட்யூபோடு வருகிறார்கள் என்று சொல்லி அதைக் குப்பைக்கூடையில் போட்டார். மனைவியிடம் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று விசாரித்தார். இல்லை என்று உறுதியான பிறகுதான் எழுதினார். பூஞ்சைக்கு இருவருக்கும் ஒரே கேப்ஸ்யூல், காலையும் மாலையும், நன்றாகச் சாப்பிட்ட பிறகு. மேலே தடவ ஒரு க்ரீம். மாத்திரை சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும், முடித்த பிறகும் சில மாதம், குழந்தை வேண்டாம் என்றார். துணிகளைத் தனித்தனியாகத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போட வேண்டும். துண்டு, படுக்கை எல்லாம் தனி.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "வேற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா? சுகர், பிரஷர், இப்படி எதுக்காவது?" என்று கேட்டார்.

எதுவும் இல்லை என்றேன். மனைவியும் இல்லை என்றாள். இருவரும் மனதறிந்து உண்மையைத்தான் சொன்னோம்.

வீட்டில் இரண்டு கொடி கட்டினோம், இரண்டு பக்கெட் வந்தன. அவள் உள்ளே கட்டிலில் படுத்தாள், நான் முன்னறையில் பாய் விரித்தேன். அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். இட்லியோ சோறோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு கேப்ஸ்யூலைப் போடுவாள், ராத்திரி க்ரீம் தடவுவாள், துணிகளை இஸ்திரி போட்டு அடுக்குவாள். சில வாரங்களில் அவள் இடுப்பில் சிவப்பு மங்கி, பழுப்பாகி, பிறகு தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. க்ரீம் பட்ட இடத்தில் கொஞ்சம் அடங்கும், அதற்குப் பக்கத்தில் புதிதாகக் கிளம்பும்.

இரண்டாவது தடவை போனபோது டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். நடுவில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதே கேள்வியை வேறு வேறு மாதிரி மூன்று தடவை கேட்டார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, துணி பகிர்ந்துகொள்கிறவர்கள், நெருங்கிப் பழகுகிறவர்கள் யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் வைத்தியம் பார்க்காமல் இது நிற்காது என்றார். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதான். வேலை இடத்தில் பலருக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவர் இன்னும் ஒரு மாதத்திற்கு மாத்திரையை நீட்டித்து எழுதினார். என் மனைவி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெருங்கிப் பழகுகிறவர்கள் என்ற சொல் அவள் காதில் விழுந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு என் மாத்திரை அட்டையை அவள் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று பார்க்கிறாள். எனக்கு அது சுருக்கென்றது, ஆனால் கேட்கவில்லை. ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அட்டையும் அதைத்தான் காட்டியது. அதுவே அவளுக்கு நிம்மதிக்குப் பதிலாக இன்னொரு யோசனையைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுவாரம் பள்ளியில் ஏதோ விழா; அவள் தரையில் உட்கார்ந்து வண்ணக் காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்தாமலேயே பேசினாள்.

"ஒன்னு கேக்கறேன், கோவப்படாதீங்க. ஒரே மாத்திரை, ஒரே க்ரீமு. எனக்கு ஆறிப்போச்சி. உங்களுக்கு மட்டும் ஏன் ஆவல? திரும்பத் திரும்ப எங்கேர்ந்து வந்துகினு இருக்குது?"

"வேலையிலேர்ந்துதான் வருது. அந்தச் சேத்துல நின்னா வராம இன்னா பண்ணும்" என்றேன்.

"வேலையிலேர்ந்துதானா?" என்றாள். கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

அவள் கேட்கிற கேள்வி எனக்குப் புரிந்தது. அதற்குக் கோபப்படுவதா, அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. வேறு எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். சொன்னபோது என் குரலே எனக்குப் பொய்க்காரன் குரல் மாதிரி கேட்டது. ஏனென்றால் எனக்கும் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாதவன் தன் பக்கத்து நியாயத்தை எதை வைத்து நிரூபிப்பான்? அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய், எதுவும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போடுவாள், ஷிப்ட் என்னவென்று கேட்பாள், நானும் சொல்வேன். வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரி மரியாதையாக இருந்தோம். என் அம்மா போனில் கூப்பிட்டு, வீட்டில் விசேஷம் எதுவும் உண்டா என்று கேட்பார். டாக்டர் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொல்வேன். எதற்காக என்று அம்மா கேட்பார். சூடு என்பேன். இப்படி ஒரு நோய்க்கு நாங்கள் சொன்ன பொய்கள் கணக்கில்லாதவை.

காலாண்டு லீவு வந்ததும் அவள் குறிஞ்சிப்பாடிக்குப் போனாள். லீவு முடிந்த பிறகும் அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கு வந்து போக ஆரம்பித்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னாள். அது முழுப்பொய்யும் இல்லை. நான் தனியாகப் பொங்கித் தின்றேன். பகல் ஷிப்டில் கரி வாரும்போது சில சமயம் என்னையே சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் எங்காவது ஏதாவது செய்கிறேனா, எதையாவது தொடுகிறேனா என்று. உடம்பில் இருக்கிற ஒன்று நம் பேச்சைக் கேட்காமல் இருப்பது மனிதனை எப்படியெல்லாம் யோசிக்க வைக்கும் என்பது அந்த மாதங்களில் தெரிந்தது.

அவள் இடுப்பில் பழைய இடத்தில் மறுபடி ஒரு வட்டம் கிளம்பியபோது அவளே போன் செய்தாள். டாக்டரிடம் சேர்ந்தே போகலாம், நான் குறிஞ்சிப்பாடியிலிருந்து நேராக வடலூர் வந்துவிடுகிறேன், நீங்கள் அங்கே வந்துவிடுங்கள் என்றாள். ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து டாக்டர் வீட்டு வாசலில் சந்தித்தோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன் பெண் பார்த்த அன்று பேசியதைவிடக் குறைவாகத்தான் பேசிக்கொண்டோம்.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த மருந்து உங்கள் உடம்புக்கு வேலை செய்யவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு, என்னிடம் கேட்காமல் என் மனைவியிடம் கேட்டார்.

"காலையில எழுந்ததுலேர்ந்து இவரு என்னென்ன சாப்பிடுவாரு? நீங்க சொல்லுங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல அவள் சொன்னாள். "ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னா இருட்டோட எழுந்துப்பாருங்க. பல்லு வெளக்கினு அந்தக் கேஸ் மாத்திர போடுவாரு. அப்பறம் டீ, ரெண்டு பன்னு. உடனே உங்க மாத்திர. அப்பறம் பஸ்ஸு ஏறிடுவாருங்க."

"என்ன மாத்திரை?"

"கேஸ் மாத்திரதான் மேடம்" என்றேன் நான். "நெஞ்சு எரியும், அதுக்கு. வெறும் கேஸ் மாத்திர."

டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்தார். தினமுமா என்று கேட்டார். தினமும்தான் என்றேன். எத்தனை நாளாக என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே.

அது எப்படி ஆரம்பித்தது என்று அவருக்குச் சொன்னேன். ஒரு தடவை பெல்ட் ரோலரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு டாக்டர் சில நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடாமல் இருக்கக் கூடவே காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு கேப்ஸ்யூல். இடுப்பு சரியானதும் வலி மாத்திரையை விட்டேன். கேப்ஸ்யூலையும் விட்டபோது நெஞ்சு எரிந்தது. சரி, நமக்கு வயிற்றில் கோளாறு இருக்கிறது என்று கடையில் நானே வாங்கிப் போட ஆரம்பித்தேன். சீட்டு கேட்டதில்லை. எரிச்சல் நின்றது. பிறகு அது பல் விளக்குவது போல ஒரு பழக்கம். எங்கள் கும்பலில் அதைப் போடாத ஆள் குறைவு. சட்டைப்பையில் பீடிக்கட்டோடு அந்த அட்டையும் இருக்கும். அதை மருந்து என்று ஒருவரும் நினைத்ததில்லை. டாக்டர் முதல் நாள் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். "உங்க வயித்துல சுரக்குற ஆசிட் இருந்தாத்தான் நான் குடுத்த கேப்ஸ்யூல் கரையும். கரைஞ்சாத்தான் ரத்தத்துல கலந்து தோலுக்குப் போகும். நீங்க காலங்காத்தால ஆசிடை நிறுத்துற மாத்திரையைப் போட்டுட்டு, அது மேல இதைப் போடுறீங்க. பாதிக்கு மேல சும்மா வெளிய போயிருக்கும். இவங்க வயிறார சாப்பிட்டுட்டுப் போட்டாங்க, இவங்களுக்குக் கேட்டுச்சு. உங்களுக்கு நீங்க சாப்பிட்ட மருந்து போய்ச் சேரவே இல்ல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இவரு ஒழுங்காத்தான் சாப்ட்டாரா மேடம்?" என்று கேட்டாள்.

"ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காரு" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வரிக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்க மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் நிறையக் கேட்டார். மலம் கருப்பாகப் போகிறதா, சாப்பாடு விழுங்கக் கஷ்டமா, எடை குறைந்ததா, இப்போதும் வலி மாத்திரை போடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க எதாவது போடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் அந்த மாத்திரை உங்களுக்கு இத்தனை வருடம் வேண்டியிருக்கவில்லை, நிறுத்தலாம் என்றார். சிலருக்கு அது அவசியம், அவர்கள் யாரையும் கேட்காமல் நிறுத்தக்கூடாது, நீங்கள் ஊரில் போய் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார். நிறுத்தினால் சில வாரம் ஆசிட் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், அன்று எரிந்ததும் அதனால்தான் இருக்கும், அது நோய் இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்க முடியாமல் போனால் ரோஸ் கலரில் வரும் ஆசிட் மருந்தைக் கொஞ்சம் குடிக்கலாம். ஆனால் அதுவும் பூஞ்சை மாத்திரைக்குப் பக்கத்தில் வரக்கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். பூஞ்சை மாத்திரையைப் பன்னுக்கு மேல் போடாமல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். மருந்தை மாற்ற வேண்டாம், இதையே சரியாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடித்து, அவளுக்கும் மறுபடி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எதிர்த்த டீக்கடையைப் பழக்கத்தில் பார்த்தேன். டீயே வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்கவில்லையே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் குறிஞ்சிப்பாடி பஸ்ஸும் எங்கள் பஸ்ஸும் கொஞ்ச இடைவெளியில் நின்றிருந்தன. அவள் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறினாள். துணிமணி எல்லாம் அங்கே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஜன்னலிலிருந்து சொன்னாள்.

கேஸ் மாத்திரையை விட்ட நாட்கள் லேசாகப் போகவில்லை. நெஞ்சுக்குழியில் நெருப்பு வைத்தது போல இருந்தது. புளித்த ஏப்பம் தொண்டை வரைக்கும் வந்து பல் கூசியது. கரி வாரக் குனிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் மேலே வந்தது. கூட வேலை செய்கிற ஒருவர் இரக்கப்பட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அதை வாங்காமல் இருக்க நான் பட்ட பாடு குடியை விடுகிறவன் படும் பாடாக இருக்கும். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் போட்டிருப்பேன். அடுத்த பத்து வருடத்துக்கும் போட்டுக்கொண்டிருப்பேன்.

சாப்பாட்டை மாற்றினேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகும்போது அவள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். பெல்ட் நிற்கும் இடைவேளையில் அதை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கேப்ஸ்யூலைப் போட்டேன். கேன்டீன் பரோட்டாவை விட்டேன், டீயைக் குறைத்தேன். எரிச்சல் வாரம் செல்லச் செல்ல அடங்கியது. அதே சமயத்தில் தொடையில் தடித்திருந்த விளிம்பு அங்கங்கே அறுந்தது. சிவப்பு வெளுத்தது. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அன்று முழுவதும் சொறியவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. மார்கழியில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டு நிறுத்தலாம் என்றார். தழும்பு மட்டும் கருப்பாக நின்றது. அது போக வருடமாகும் என்றார். இன்னும் முழுதாகப் போகவில்லை.

வேலையில் நான் வாய் திறந்ததும் அப்போதுதான். சாப்பாட்டு நேரத்தில் இது எனக்கு வந்தது, இப்படி ஆறியது என்று சொன்னேன். பிறகு ஒருவர், "எனக்கு மூனு வருசமா கீது" என்றார். அடுத்தவர், தன் பெண்டாட்டி பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்றார். அதற்குப் பிறகு அவரவர் சௌகரியப்படி வடலூருக்குப் போனார்கள்.

எங்கள் பெல்ட்டை இயக்கும் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். பர்மனென்ட், மதுரைப் பக்கத்துக்காரர், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர். முந்தின வருடம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுவது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அதோடு ஒரு கேஸ் மாத்திரையும் எழுதியிருந்தார்கள். அது கடையில் கிடைக்காத ஒரு நாளில் வேறு ஒன்றை வாங்கி, அதையே பழக்கமாக்கிக்கொண்டாராம். எல்லாம் ஒன்றுதானே என்றார். ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் சார் என்றேன். அவருக்கு எரிச்சல். "உனக்கு வந்தது படை, எனக்கு வந்தது ஹார்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பாதப்பா" என்று எழுந்து போய்விட்டார். நான் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு செக்கப்புக்குப் போனபோது அவர் மகள் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் சொன்னதை அவர் வீட்டில் சொல்லியிருந்தார் போலும். கேஸ் மாத்திரையில் பல வகை இருக்கிறது, இவர் மாற்றி வாங்கிய வகை அந்த ரத்த மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்று டாக்டர் சொல்லி, பழையதையே வாங்கச் சொன்னாராம். வயிற்று மாத்திரை அவருக்கு வேண்டும், இந்த வகை மட்டும் கூடாது. ஆபரேட்டர் இதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. மெஷினிலிருந்து இறங்கும்போது, "மாத்திட்டாங்கப்பா" என்றார். நான் சரிங்க சார் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

வயிற்றில் நடப்பது வயிற்றோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்செரிச்சலுக்குப் போடுவது நெஞ்செரிச்சலுக்கு மட்டும்தான் வேலை செய்யும், தோலுக்கும் அதற்கும் என்ன, இருதயத்துக்கும் அதற்கும் என்ன என்று. உடம்பு அப்படிப் பிளாக் பிளாக்காகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ் இல்லை. என் வயிற்றில் நான் நிறுத்திவைத்த ஒன்று, நாங்கள் இரண்டு பேரும் படுக்கிற அறை வரைக்கும் வந்து நின்றது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முதலில் கொடுத்தவர் சில நாளைக்குத்தான் கொடுத்தார். வடலூர் டாக்டர் முதல் நாளே கேட்டார். நானும் தெரிந்ததைச் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சின்ன மாத்திரை விழுந்துவிட்டது.

அடுத்த வருடம் அவள் உண்டானாள். ஆறாம் மாதம் நெஞ்செரிச்சல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். எரிச்சலுக்கு ஆசிட் மருந்தைக் குடிக்கலாமா, குடித்தால் இரும்பு மாத்திரையை எப்போது போடுவது என்று நர்ஸிடம் அவளே கேட்டாள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது, ஒன்றைக் காலையிலும் ஒன்றை ராத்திரியிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் டீச்சர்க் களை இருந்தது. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அவள் அன்றைக்குக் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மகள் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள், மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது நான்தான் கேட்டேன். அப்போது நிஜமாகவே அப்படி நினைத்தாயா என்று.

அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்து வைத்துவிட்டு யோசித்தாள். "நம்பலங்க. ஆனா கேக்காம இருக்கவும் முடியல. கேட்டுட்டு, நீங்க சொன்னதக் கேட்டுகினு அதோட வுட்டுருக்கணும். எனக்கு அது வரல" என்றாள்.

பிறகு, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். அதுவரை அவள் அதைக் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தனியாகப் பொங்கித் தின்ற நாட்களை, என்னையே நான் சந்தேகப்பட்டதை எல்லாம் சொன்னேன். மகள் மடித்த துணியைக் கலைத்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி மறுபடி மறுபடி மடித்துக்கொண்டே, முழுவதையும் கேட்டாள்.